நாலு வயதுக்கு ராஜா ராணிக் கதை எதற்கு?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டும்போது தரையில் தார்ப்பாய் விரித்த கடைகளைப் பார்த்திருப்பார்கள். ருத்ராட்சம், பாசிமணி, பிளாஸ்டிக் துப்பாக்கி, இவற்றுக்கு நடுவில் மெல்லிய கதைப் புத்தகங்கள். தெனாலிராமன், விக்கிரமாதித்தன், பஞ்சதந்திரம், பரமார்த்த குரு. பக்கத்திலேயே சிண்ட்ரெல்லாவும் தூங்கும் அழகியும். எதைப் புரட்டினாலும் கதைக்கு அடியில் ‘நீதி’ என்று ஒரு வரி தடித்த எழுத்தில் நிற்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் பெற்றோர் காசை எடுக்கிறார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியும், பதிப்பாளருக்கும் தெரியும். வெறும் கதைக்காகப் பணம் செலவழிக்க நமக்கு இன்னும் கூச்சம் போகவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு மாயக் கதை வாசித்தால் என்ன கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் பதில் வரும்: ஒழுக்கம் வரும், பயம் தெளியும், கற்பனை விரியும், மொழி வளரும். நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் கோளாறு. ஒவ்வொன்றுக்கும் இருக்கிற ஆதாரம் வேறு வேறு. ஒன்றுக்கு ஆதாரம் உறுதியாக இருக்கிறது, இன்னொன்றுக்கு அரைகுறையாக இருக்கிறது. நாம் அதிகம் நம்புகிற நீதிக்கோ ஏறக்குறைய இல்லவே இல்லை.

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நேராகப் பொருந்துகிறது. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளையை ஒரு பொம்மையோடு அறையில் விட்டு, ‘திரும்பிப் பார்க்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். பிள்ளை சும்மா இருக்குமா? பெரும்பாலும் பார்த்துவிடும். பெரியவர் திரும்பி வந்து ஒரு கதை வாசித்துக் காட்டி, அதன்பின் ‘பார்த்தாயா?’ என்று கேட்பார். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையைக் கேட்ட பிள்ளைகளும், நாம் ‘புலி வருது’ என்று சொல்லும் கதையின் அங்கத்திய வடிவமான ஓநாய்க் கதையைக் கேட்ட பிள்ளைகளும், பொய்யைப் பற்றி ஒன்றுமே சொல்லாத ஆமை முயல் கதையைக் கேட்டவர்களைப் போலவேதான் பொய் சொன்னார்கள். செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்களிடம் மட்டும் உண்மை கூடியது. அதே கதையின் முடிவைத் திருப்பி, பொய் சொன்னதற்குக் கெட்டது நடந்ததாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது. தண்டனையைக் கேட்டுப் பிள்ளை திருந்துவதில்லை. உண்மை சொன்னவனுக்கு நல்லது நடந்ததைக் கேட்டால் கொஞ்சம் அசைகிறது.

இந்த முடிவை வைத்துக்கொண்டு இந்த ஊரின் மூலக் கதையையே நிறுத்துப் பார்க்கலாம். அடிமுடி தேடிய கதையைக் கேட்காத பிள்ளை மலையைச் சுற்றி எந்தத் தெருவிலும் இல்லை. நெருப்புத் தூணாக நின்ற சிவனின் முடியைத் தேடி அன்னமாகப் பறந்த பிரம்மா, வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச் சாட்சிக்குப் பிடித்தார். அடியைத் தேடிப் பன்றியாகப் பூமியைக் குடைந்த திருமால், ‘காணவில்லை’ என்று வந்து ஒப்புக்கொண்டார். பாட்டிமார் சொல்லும்போது பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போனதற்கும் தாழம்பூ சிவபூஜைக்கு ஆகாமல் போனதற்கும்தான் குரல் ஏறும். திருமால் தோல்வியை ஒப்புக்கொண்டு பெருமை பெற்றது அரை வரியில் கழிந்துவிடும். சோதனையின்படி பார்த்தால் பிள்ளையிடம் வேலை செய்யக்கூடியது அந்த அரை வரிதான். உண்மை பேசக் கற்றுக்கொடுப்பதுதான் நோக்கம் என்றால் திருமாலைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கதையை அதற்காக யாரும் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. இரண்டு பேர் தேடிப் போனார்கள், ஒருவரும் எல்லையைக் காணவில்லை என்பதே நாலு வயதுக்குப் போதுமான பிரமிப்பு.

விலங்குக் கதைகளுக்கும் இதே கதிதான். அதே டொரன்டோவிலிருந்து 2017இல் வந்த இன்னொரு ஆய்வில், பகிர்ந்து கொடுப்பது பற்றிய ஒரு கதையை நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமாக வாசித்தார்கள். ஒன்றில் சட்டை போட்ட விலங்குகள் பாத்திரங்கள், மற்றதில் மனிதர்கள். மனிதர் வந்த கதையைக் கேட்ட பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்த ஸ்டிக்கர்களில் கூடுதலாகப் பிறருக்குக் கொடுத்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்களிடம் அந்தத் தாராளம் வரவில்லை. நரியும் காக்கையும் வந்தால் பாடம் தானாக இறங்கிவிடும் என்று பஞ்சதந்திரத்தின் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இது நல்ல செய்தி அல்ல.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இவையெல்லாம் ஒரே ஒரு முறை கதை வாசித்து உடனே அளந்த சோதனைகள். ஐந்து வருடம் தினமும் கதை கேட்டு வளர்ந்த பிள்ளையைப் பற்றி இவை பேசவில்லை. ஆனால் ‘நீதி’ வரி அச்சிடுகிறவர்கள் எதிர்பார்ப்பதும் உடனடிப் பலனைத்தானே? அந்த எதிர்பார்ப்புக்கு இந்தச் சோதனைகள் போதும்.

எனக்கு அந்த வரியின் மேல் இதைவிடப் பெரிய புகார் ஒன்று உண்டு. அது பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. கதை முடிந்ததும் பதிலையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் பிள்ளை என்ன கேட்கும்? 1947 ஜூலையில் சக்கரபாணியும் நாகிரெட்டியும் தொடங்கிய அம்புலிமாமாவில் பல தலைமுறைகளைக் கட்டிப்போட்ட வேதாளக் கதைகள் நேர் எதிராக வேலை செய்தன. கதை முடிந்ததும் வேதாளம் ஒரு கேள்வி போடும். பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் விக்கிரமனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் பிணம் மறுபடி மரத்தில் ஏறிக்கொள்ளும். வாசிக்கிற பையன் விக்கிரமனுக்கு முன்னால் தானே ஒரு பதில் சொல்லிப் பார்ப்பான். 1988இல் அமெரிக்க உளவியலாளர் கிரோவர் வைட்ஹர்ஸ்ட் தன் குழுவோடு சோதித்துப் பார்த்ததும் ஏறத்தாழ இதுதான்: வாசிக்கும்போது பெற்றோர் நிறுத்தி நிறுத்தித் திறந்த கேள்விகள் கேட்பது, பிள்ளையின் பதிலை விரித்துத் திருப்பிச் சொல்வது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஒரே மாதத்தில் மொழிச் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. நம் வீடுகளில் கதை கேட்கிற பிள்ளை ‘உம்’ கொட்ட வேண்டும் என்று வைத்திருந்த வழக்கத்திலும் இதன் ஒரு துளி இருக்கிறது. ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும்.

அடுத்தது பயம். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பைப் பிள்ளைகளுக்கு ஆகாத கொடூரம் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாயே. 1819 பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். மாற்றாந்தாய்களுக்கு அதனால் வந்த கெட்ட பெயர் தனிக் கதை. ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு கிரிமைப் பழிப்பதற்கு முன் சிறுத்தொண்டரை நினைத்துக்கொள்ள வேண்டும். பெற்ற மகனை அறுத்துக் கறி சமைத்த கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. சீராளன் கடைசியில் உயிரோடு ஓடி வருகிறான் என்றாலும் நடுவில் நடந்தது நடந்ததுதான். கண்ணப்பர் கண்ணைப் பிடுங்கியதும் அதே நூல். வேங்கடராமன் என்ற மதுரைப் பையனை உலுக்கியது அந்தப் பெரியபுராணம். அவன் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்து, பின்னாளில் ரமணர் ஆனான். அடியார் கதைகளைச் சொல்லும்போது அவர் பாத்திரமாகவே மாறிவிடுவார், உருக்கமான இடத்தில் தொண்டை அடைத்து மேலே சொல்ல முடியாமல் நிறுத்திவிடுவார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரியபுராணம் அவர் கையில் கிடைத்தபோது அவருக்கு வயது பதினாறை ஒட்டி, நாலு அல்ல. கொடூரமான கதையே கூடாது என்பதும் தவறு, எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் என்பதும் தவறு.

மாயக் கதைகள் பிள்ளையின் ஆழ்மனக் குழப்பங்களைத் தீர்க்கின்றன என்று புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் எழுதிய நூல் ஒரு காலத்தில் வேதவாக்காக இருந்தது. அதைத் தாங்க ஆய்வு ஆதாரம் ஏதும் இல்லை. அவருடைய கருத்துகளில் பல பிறருடைய நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று நாட்டாரியல் அறிஞர் ஆலன் டண்டஸ் 1991இல் எடுத்துக்காட்டினார். பெட்டல்ஹைமை விட்டுவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. மடியில் உட்கார்ந்து கேட்கும் பயமும் தனியாக போன் திரையில் பார்க்கும் பயமும் ஒன்றல்ல. வாசிக்கிறவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் குரலைக் குறைக்கலாம், புத்தகத்தை மூடலாம், அந்தப் பக்கத்தைத் தாண்டலாம். யூடியூப் தாண்டாது.

மூன்றாவது கற்பனை. கதை கேட்டுவிட்டு ‘நிஜமா?’ என்று பிள்ளை கேட்பது கோயில் ஊரில் தனிச் சிக்கல். கேத்லீன் கோரிவோ, ஈவா சென், பால் ஹாரிஸ் ஆகியோர் அமெரிக்காவில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், மதச் சூழலில் வளரும் பிள்ளைகள் மாயக் கதைப் பாத்திரங்களையும் நிஜத்தில் வாழ்ந்தவர்களாக எடுத்துக்கொள்வது அதிகம் என்று தெரிந்தது. ரமணாசிரமத்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கோடு இன்னும் மங்கல். ஆசிரமத்துக்குள் லட்சுமி என்ற பசுவுக்கும், ஒரு மானுக்கும், காக்கைக்கும், நாய்க்கும் சமாதி இருக்கிறது. 1948இல் இறந்த லட்சுமி உண்மைப் பசு. அதற்காக ரமணர் எழுதிய பாட்டும் உண்மை. சுவருக்கு வெளியே கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தெரியும் நெருப்பும் உண்மை. இவற்றுக்கு நடுவில் வளரும் பிள்ளை பேசும் ஓநாயைப் பொய் என்று ஏன் நினைக்க வேண்டும்? இதைப் பெரிய ஆபத்தாக நான் எடுக்கவில்லை. வயது ஏற ஏறத் தெளிந்துவிடும். ஆனால் பிள்ளை வாய்விட்டுக் கேட்கும்போது மழுப்பக் கூடாது. இது நடந்தது, இது நாம் நம்புவது, இது சும்மா கதை என்று மூன்று பதில்கள் பெரியவர் கையில் இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே குரலில் சொல்கிறவர் பிள்ளையை ஏமாற்றுகிறார்.

மொழி என்ற நான்காவது பயனில்தான் நான் நின்று பேச விரும்புகிறேன்.

ரமண நகரில் ஒரு வீட்டு வாசற்படியில் ஒரு தாய் நாலு வயது மகனுக்குச் சிவப்புத் தொப்பிக்காரி கதையை வாசித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் ஓநாய் ‘வாழ்ந்து வந்தது’. அம்மாவின் வாயில் அது ‘இருந்துச்சாம்’.

“ஓநாய்னா?”

“நாய் மாதிரிடா. பெரிசு. கடிச்சிடும்.”

“நம்ம தெரு நாயா?”

“இல்லடா, இது காட்டு நாய். நீ கேளு.”

இப்படி ஒவ்வொரு வரியையும் அச்சுத் தமிழிலிருந்து பேச்சுத் தமிழுக்கு அந்த நொடியிலேயே மாற்றிக்கொண்டு போனார். நம் வீடுகளில் வாசிக்கிற எல்லாரும் செய்வதுதான். பாட்டியின் காதையும் கண்ணையும் பல்லையும் பற்றிச் சிறுமி கேட்கும் இடம் வந்ததும் அம்மாவால் மாற்ற முடியவில்லை. வரி திரும்பத் திரும்ப வருவதால் அச்சில் உள்ளபடியே வாசித்தார். மூன்றாவது தடவை பையனும் சேர்ந்துகொண்டான். ‘இருக்கின்றன’ என்று முடித்தான். அந்தப் பையன் தன் வாழ்நாளில் அதுவரை ‘இருக்கின்றன’ என்று சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை. வீட்டில் யார் சொல்கிறார்கள்? இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் பாடப்புத்தகம் முழுக்க அதுதான் இருக்கப்போகிறது.

தமிழ்ப் பிள்ளையின் தனிச் சுமை இது. பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் வேறு. ஒன்றாம் வகுப்பில் எழுத்தையும் கற்க வேண்டும், காதில் விழாத ஒரு தமிழையும் கற்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் சுமத்திவிட்டு, பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று அங்கலாய்க்கிறோம். இதே நிலை அரபு மொழியில் உண்டு. டினா ஃபைட்டல்சனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இஸ்ரேலில் உள்ள அரபு மழலையர் வகுப்புகளில் நடந்தது. சில மாதங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து அரபியிலேயே கதை வாசித்தார்கள். பிள்ளைக்குப் புரியாது, பேச்சு வழக்கில்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கேயும் இருந்த நம்பிக்கை. கதை கேட்ட பிள்ளைகள் எழுத்து நடையில் கேட்பதைப் புரிந்துகொள்வதிலும், படத்தைப் பார்த்துத் தாங்களே கதை சொல்வதிலும் மற்ற பிள்ளைகளை முந்தினார்கள்.

எதிர்ச் சான்றையும் மறைக்கக் கூடாது. கிளேர் நோபிளும் சகாக்களும் 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, பெரியவர் புத்தகம் வாசிப்பதால் பிள்ளையின் மொழியில் கூடும் பலன் சிறியது என்று கண்டார்கள். ஒப்பிடும் பிள்ளைகளுக்கும் வேறு ஏதாவது செயல் கொடுத்துவிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தே போகிறது. புத்தகம் விற்கிறவர்கள் இந்த ஆய்வைக் குறிப்பிடுவதில்லை. ஆனால் அதில் சேர்ந்த முயற்சிகளில் பெரும்பாலானவை குறுகிய காலத்தவை, பேச்சுக்கும் எழுத்துக்கும் நம் அளவு இடைவெளி இல்லாத மொழிகளில் நடந்தவை. இடைவெளி பெரிதாக உள்ள மொழியில் வாசிப்பு செய்யும் வேலை வேறு. ஆகவே நமக்கு அரபுச் சான்றுதான் நெருக்கம் என்பது என் முடிவு.

அதற்கு மாயக் கதைதான் வேண்டுமா, பேருந்து நிலையத்தைப் பற்றிய கதை போதாதா? டீனா வைஸ்பெர்க் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பங்களின் மழலையர் நடைமுறைக் கதையைவிட மாயக் கதையிலிருந்து புதுச் சொற்களைக் கூடுதலாகக் கற்றார்கள். காரணம் ஊகிக்கக் கடினமில்லை. நடக்க முடியாதது நடக்கும்போது பிள்ளை காதைத் தீட்டிக்கொள்கிறது. மாயக் கதையில் ஒரே வரி மூன்று முறை, ஏழு முறை வருகிறது. அறியாத நடையைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு ஆவலும், அது பழகும் அளவுக்குத் திரும்பச் சொல்லலும் ஒரே இடத்தில் கிடைப்பது இங்கேதான்.

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஆசிரமத்தில் மாலையில் நடக்கும் தமிழ்ப் பாராயணம் காதில் விழுகிறது. 108 கண்ணிகள் கொண்ட அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டே கிரிவலம் போகிறவர்கள் வாசலைக் கடக்கிறார்கள். உயர்ந்த தமிழின் ஓசை பழகிவிடுகிறது, பொருள் பழகுவதில்லை. பொருளோடு பழக்க வாசித்த கதை வேண்டும். மாவட்டத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் பிரசங்கமும் தெருக்கூத்தும் விடிய விடியச் செய்கிற வேலையும் இதுதான் என்றாலும் நாலு வயது அதற்குள் தூங்கிவிடும்.

பாட்டி சொல்லும் கதை போதாதா என்று கேட்பார்கள். பாட்டியின் கதைக்கு ஈடு இல்லை, கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளைப் படித்தவர்கள் இதில் வாதாட மாட்டார்கள். ஆனால் சொல்லும் கதை பேச்சுத் தமிழிலேயே நிற்கிறது. நான் சொல்லும் வேலையை அது செய்யாது, செய்யச் சொல்வதும் அநியாயம். பாட்டி சொல்லட்டும், ஐந்தாவது படிக்கிற அக்கா வாசிக்கட்டும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும் என்றால் அதனாலும் குறைவில்லை, பிள்ளைக்கு அவசரம் கிடையாது.

வெள்ளைக்காரர்கள் நடமாட்டம் அதிகம் உள்ள தெருக்களில் இன்னொரு பழக்கத்தையும் பார்க்கிறேன். அவர்கள் விட்டுப்போன வழவழப்பான ஆங்கிலப் படக்கதைகளை வாங்கி வந்து, தமிழ்ப் பெற்றோர் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் வாசிக்கிறார்கள், இங்கிலீஷ் வரும் என்று. பிள்ளை கேள்வி கேட்டால் பதிலும் திக்குகிறது. பேரம் நஷ்டமானது. படத்தைக் காட்டித் தமிழில் பேசுங்கள், தமிழ்ப் புத்தகத்தைத் தமிழில் வாசியுங்கள்.

சிவந்த நிறமே அழகு, தூங்கிக் கிடந்தால் இளவரசன் வருவான் என்ற குற்றச்சாட்டுகள் உண்மையே. அதற்காகக் கதையைத் திருத்தி எழுதுவதைவிட வேறு கதையைச் சேர்த்து வாசிப்பது நல்லது. தென்னிந்தியப் பெண்கள் சொல்லும் கதைகளில் கல்யாணம் கதையின் முடிவாக இருப்பதில்லை, அதற்குப் பிறகுதான் சங்கடமே தொடங்குகிறது என்று ஏ.கே. ராமானுஜன் காட்டியிருக்கிறார். சிண்ட்ரெல்லாவுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் போதும்.

ஆக, நீதிக்காக மாயக் கதை வாசிப்பது வீண். பயத்துக்கு மருந்தாக வாசிப்பது நிரூபணமாகாத வைத்தியம், மடியில் இருக்கும்வரை கெடுதல் இல்லை. எழுத்துத் தமிழைக் காதில் ஏற்ற வாசிப்பது உறுதியான பயன். அதற்கு ஒரு நிபந்தனை: முதல் முறை உங்கள் வார்த்தையில் கதையைச் சொல்லிவிட்டு, மறுநாள் முதல் அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். நிறுத்திக் கேள்வி கேட்கலாம், நடையை மாற்றக் கூடாது. ‘நீதி’ வரி வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

பெரியவர்களுக்கான கதை மேடையில் இந்த ஊருக்குப் பெயர் இருக்கிறது. பவா செல்லதுரை கதை சொன்னால் ஊரே உட்கார்ந்து கேட்கிறது, வம்சி போன்ற பதிப்பகமும் இங்கேயே இருக்கிறது. அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு நூல்களைப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறது. அதற்கும் முந்திய வயதுக்குத்தான் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்தில், நல்ல எழுத்துத் தமிழில், அடியில் நீதி அச்சிடாத பத்து மாயக் கதைப் புத்தகங்களைக் கொடுத்து, மதியம் பிள்ளைகள் படுக்கும் முன் அவற்றில் ஒன்றை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி அரசு உத்தரவிட வேண்டும்.